ஒரே பானை, ஒரே பாய்

வடமராட்சியிலிருந்து வாசகி ஒருவர் எமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். சித்திரை விடுமுறைக்கு அவர் வீட்டுக்கு வெளிநாட்டு உறவினர் வருகின்றனராம். அவர்கள் நிற்கும் நாள்களுள் ஒரு மாலை, முற்றத்தில் ஒடியற்கூழ் காய்ச்சி, அயலாரையும் அழைத்து, எல்லோருமாக இருந்து குடிப்பதென்று தீர்மானித்திருக்கின்றனர். இதுவரை தடையில்லை. "கூழென்றால் கூடவே கள்ளும் வேண்டும்" என்று ஆண்கள் சொல்ல, "பிள்ளைகள் இருக்கும் முற்றத்தில் அந்தப் பேச்சே ஆகாது" என்று மாமியார் மறுத்துவிட்டாராம். நியாயம் யார் பக்கம் என்று கேட்கின்றார் வாசகி. கடிதத்தின் அடியிற் பின்குறிப்பாக இன்னொன்றும் இருக்கின்றது: "கள்ளுச் சீவும் முதியவரையும் கூழுக்கு இருத்துவதா, அவருடைய பங்கைப் புறம்பாகக் கொடுத்தனுப்புவதா என்பதிலும் வீட்டில் இரண்டு அபிப்பிராயம்."

இரண்டு கேள்விகளுக்கும் விடைகூற முயல்வோம். பின்குறிப்பாக வந்த கேள்வியே பெரிது என்பது எமது எண்ணம். ஆயினும், முறைப்படி கூழிலிருந்தே தொடங்குவோம்.

யாழ்ப்பாணத்தாருக்குக் கூழ் இருவகை. ஒன்று ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் இனிப்புக்கூழ். பச்சரிசி மாவும் வறுத்த பயறும் தேங்காய்ப்பாலும் தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் சேர்த்துக் காய்ச்சி, பலாவிலையைக் கோலி அள்ளிக் குடிக்கும் கூழ் அது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) அந்நாளின் மகிழ்ச்சியைச் சிறுவர் பாட்டாக்கித் தந்தமையால், கூழ் காய்ச்சாத வீட்டுப் பிள்ளைகளும் அதன் சுவையை வாயளவில் அறிவர். மற்றையது ஒடியற்கூழ். உறைப்பும் புளிப்புமாக, மரக்கறியும் மீனும் நண்டும் இறாலும் ஒரு பானையிற் கலந்து, உண்பவரை வியர்க்கவைக்கும் கூழ் அது. வாசகியின் வீட்டிற் காய்ச்சப்போவது இதுவே.

ஒடியல் என்பது பனையின் கொடை. பனம்பழம் விழுங் காலத்தில் விதைகளைச் சேர்த்து மணற்பாங்கான நிலத்திற் பாத்தி போட்டு மூடிவிடுவர். சில மாதங்களில் விதையிலிருந்து கிழங்கு கீழிறங்கும். அதனைக் கிண்டியெடுத்து அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். அவியாது கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒடியலை இடித்து அரித்த மாவே கூழுக்குரியது. அந்த மாவில் ஒரு கைப்பு உண்டு. நீரில் ஊறவைத்து, மேல்நீரை ஊற்றி, மீண்டும் நீர்விட்டு அக்கைப்பை நீக்காதவர் எத்துணை உயர்ந்த மீனை இட்டாலும் கூழ் வாயில் வைக்க வராது. பொறுமையற்றவர் ஒடியற்கூழ் காய்ச்ச முற்படலாகாது என்று எம் வீட்டு மூதாட்டியார் சொல்வதுண்டு.

காய்ச்சும் முறையும் தனிவகை. குசினிக்குள் இதற்கு இடமில்லை. முற்றத்தில் மூன்று கல்லை வைத்துப் பெரிய பானையை ஏற்றுவர். பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், ஒருபிடி அரிசி ஆகியன முதலில் வேகவேண்டும். பின்னர் மீன்தலையும் நண்டும் இறாலும். அதன்மேற் செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டு. ஊறிய ஒடியல்மாவைப் புளிக்கரைசலுடன் சேர்த்துக் கரைத்து ஊற்றியதும் கூழ் தடிக்கத் தொடங்கும். அந்நேரம் அகப்பையை விட்டு ஒருவரும் அகலலாகாது, அகன்றால் அடிப்பிடிக்கும். இறக்கும் வேளையில் முருங்கையிலை.

இத்தனை பண்டங்களில் ஒவ்வொன்றிலும் சிறிது சிறிது போட்டாலே பானை நிறைந்துவிடும். நால்வருக்கென்று ஒடியற்கூழ் காய்ச்சத் தொடங்கியவர், இறக்கும்போது பதினைந்து பேருக்குக் காய்ச்சியிருப்பதைக் காண்பர். ஆதலால் அயலாரை அழைப்பது இந்தக் கூழின் இயல்பிலேயே இருக்கின்றது. ஒருவர் நண்டு உடைப்பார். ஒருவர் விறகு தள்ளுவார். பிள்ளைகள் பனையோலையைக் கொண்டுவந்து கொடுக்க, கைத்திறன் உள்ளவர் பிளாக் கோலுவார். பானையைச் சுற்றியிருந்து எல்லோரும் ஓலைப்பிளாவிற் குடிப்பர். யாருக்கு நண்டின் கால் விழும், யாருக்குப் பலாக்கொட்டை விழும் என்பது அகப்பையின் செயல். அதிற் பெரியவர் சிறியவர் என்ற கணக்கு இல்லை.

இனிக் கள்ளுக்கு வருவோம்.

பனையின் பாளையை நசுக்கிப் பதப்படுத்தி நுனியைச் சீவிவிட்டாற் சாறு துளித்துளியாக வடியும். அதனை ஏந்தப் பாளையில் முட்டி கட்டுவர். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசியிருந்தால் சாறு புளியாமல் இனிமையாகவே நிற்கும், அது கருப்பநீர். காய்ச்சினால் அதுவே பனங்கட்டியாகிக் குட்டானுக்குள் அமரும். சுண்ணாம்பு பூசாவிடின், காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் உள்ள நொதியங்கள் சாற்றின் சர்க்கரையை உண்டு, மதுசாரமும் கரியமிலவாயுவும் ஆக்கும். சில மணி நேரத்தில் நுரைத்துக்கொண்டு நிற்பது கள். அதிலுள்ள மதுசாரம் பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்தை ஒட்டியது. அடுத்த நாளுக்கு வைத்தாற் புளிப்பு ஏறி வினாகிரியை நோக்கிச் செல்லும். அப்பமாப் புளிக்க எம் பாட்டிமார் அரைப்போத்தல் கள்ளை ஊற்றியதும் இந்த நொதியத்தின் பொருட்டே. கள்ளை வாயில் வைத்தறியாத குடும்பங்களும் கள்ளின் துணையால் எழுந்த அப்பத்தை உண்டுதான் வளர்ந்தன.

ஆகவே, ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கை. சிறிது சுண்ணாம்பு இருந்தாற் குழந்தைக்குக் கொடுக்கும் இனிய நீர். இல்லாவிடின் அறிவை மயக்கும் பானம்.

தமிழ் இலக்கியமும் இந்த இரண்டு பக்கத்தையும் கண்டிருக்கின்றது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலை புறநானூற்றில் 235 ஆம் பாட்டாக உள்ளது. கள் சிறிதளவே கிடைத்த வேளையில் அவன் அதைப் புலவர்க்கே கொடுத்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் அவர்களைப் பாடவைத்துத் தானும் மகிழ்ந்து உண்பான் என்றும், சோறு சிறிதாயினும் பெரிதாயினும் பலரோடு கலந்தே உண்டான் என்றும் அந்த அம்மையார் நினைந்து அழுகின்றார். அவர் புகழ்வது கள்ளையன்று, பகுத்துண்ட உள்ளத்தையே. திருவள்ளுவரோ விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரத்தை ஒதுக்கியது போலவே, கள்ளுண்ணாமைக்கும் 93 ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். பெற்ற தாயின் முன்னிலையிலும் கள்மயக்கம் வெறுக்கத்தக்கது. அவ்வாறாயின் சான்றோர் முன்னிலையில் எப்படி இருக்கும் என்று அவர் வினவுகின்றார். 1927 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்த காந்தியடிகளும் மதுவிலக்கை வலியுறுத்தியே பேசினார்.

எனவே மாமியாரின் மறுப்பைப் பழமைப் பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது. அந்த அம்மையார் தம் வாழ்நாளில் எத்தனை வேலிகளுக்கப்பால் எத்தனை அழுகுரல்களைக் கேட்டிருப்பார்! சம்பள நாளன்று படலை திறக்கும் ஓசைக்கே நடுங்கிய பெண்களை அவர் அறிவார். கள்ளில் தொடங்கியவர் சாராயத்துக்கும், சாராயத்திலிருந்து கசிப்புக்கும் போன கதைகள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. மருத்துவ உலகமும் இன்று அவர் பக்கமே பேசுகின்றது. மதுவில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது என்று கூறத்தக்க அளவு எதுவுமில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 இல் அறிவித்தது. 2006 ஆம் ஆண்டின் சட்டப்படி, இலங்கையில் இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு மதுவகை விற்பது குற்றம்.

அதே வேளையில், ஆண்கள் விரும்புவதிலும் ஒரு நியாயத்தின் சாயல் உண்டு. தூரதேசத்தில் இருபது ஆண்டு கழித்தவருக்கு ஒரு பிளாக் கள்ளு என்பது வெறி அன்று. விட்டுப்போன ஊரின் மணம். அவர் அங்கே குளிர்பெட்டியில் வைத்த திராட்சைமதுவையும் பியரையும் தாராளமாகக் கண்டிருப்பார். காலையில் இறக்கி மாலைக்குள் தீர்ந்துபோகும் இந்தப் பானத்தை அவர் எங்கே காண்பார்? அவ்வாசையை ஏளனம் செய்வதும் முறையன்று.

எமது தீர்ப்பு இதுதான். கூழ்ப்பானையைச் சுற்றிப் பொதுவாக வைக்கப்படும் பானம் கருப்பநீராக இருக்கட்டும். சீவுபவரிடம் முதல்நாளே சொன்னாற் சில முட்டிகளுக்குச் சுண்ணாம்பு பூசிக் கட்டிவிடுவார். பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் விருந்தினரும் ஒருங்கே குடிக்கக்கூடியது அது ஒன்றே. வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைகள் பனையை அறிவதற்கும் அதுவே நல்ல வாயில். வளர்ந்தவர்களுள் விரும்புவோர் சிறிதளவு கள் அருந்துவதை வீட்டார் அனைவரும் ஒப்பினால், அது கூழோடு சேர்ந்து, உண்ணும்போது அருந்தும் அளவாக நிற்கட்டும். கூழ் முடிந்த பின்பும் தொடரும் தனிக் கூட்டமாக மாறவேண்டா. வாகனம் செலுத்தி வீடு திரும்ப வேண்டியவர் அதனைத் தொடலாகாது. குடியாதவரை வற்புறுத்துவது விருந்தோம்பலன்று, அது கொடுமை.

இன்னொன்றும் உண்டு. அழைக்கப்படுவோருள் குடியை விட முயன்றுகொண்டிருப்பவர் ஒருவர் இருப்பாராயின், அன்று அந்த முற்றத்திற்குக் கள் வரவே வேண்டா. ஒருவருடைய ஒரு மாலை இன்பத்துக்காக இன்னொருவருடைய பல மாத முயற்சியைச் சிதைக்க எந்த வீட்டுக்கும் உரிமையில்லை. அப்படி ஒருவர் தம் உறவினருள் உண்டா என்பதை வாசகியும் அவர் மாமியாருமே அறிவர். அதனை அறிந்தே அந்த அம்மையார் மறுத்திருக்கவும் கூடும். ஆண்கள் முதலில் அதைக் கேட்டறியட்டும்.

இப்போது பின்குறிப்புக்கு வருகின்றோம்.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் எமது வீட்டிலும் இத்தகைய கூழ்மாலைகள் உண்டு. எமது வளவின் பனைகளில் ஏறியவர் எம் பாட்டனாரிலும் வயதிற் கூடியவர். விடியுமுன் ஒருமுறையும் பொழுதுபடுமுன் ஒருமுறையும், காலில் தளநாரை மாட்டி, இடுப்பிற் கத்திக்கூடு தொங்க, அறுபது எழுபது அடி உயரத்துக்கு ஏறுவார். ஒரு மரத்தோடு முடியாது. அன்றாடம் பல மரம். மழையில் நனைந்த பனை வழுக்கும், காற்றில் ஆடும், கருக்கு கையைக் கிழிக்கும். தவறி விழுந்தவர் பிழைப்பது அரிது. பிழைத்தவரும் மீண்டும் நடப்பது அரிது. இவ்வளவும் செய்து அவர் இறக்கிவந்த கள்ளையும் கருப்பநீரையும் எம் வீட்டார் ஆசையோடு வாங்கி அருந்தினர். அவர் கை பட்ட பானம் எவருடைய வாய்க்கும் தீட்டாகவில்லை.

ஆனாற் கூழ் வார்க்கும் வேளையில் அவர் வேலியோரம் குந்தியிருப்பார். எம் எல்லோருக்கும் பாய் இருந்தது. அவருக்கு மண் இருந்தது. அவருடைய பிளாவிற் கூழ் உயரத்தில் இருந்து ஊற்றப்பட்டது. எட்டு வயதுச் சிறுவராகிய நாம் அவரைப் பெயர் சொல்லி அழைத்தோம். பாட்டனாரிலும் மூத்த அவர் எம்மை "நயினார்" என்றார். அதில் ஒரு பிழை இருப்பதாக அன்று எமக்குத் தோன்றவில்லை. தோன்றாததை எண்ணி இன்று நாணுகின்றோம்.

இது எமது வீட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்ற சம ஆசன விதியை 1929 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. தேநீர்க் கடைகளிற் சிலருக்கு உள்ளே இருக்கை மறுக்கப்பட்டது; குவளையும் வேறாக இருந்தது. பொது இடங்களில் இவ்வாறு விலக்குவதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறியது. சட்டம் வந்த பின்னரும் கடைவாயிலைத் திறக்கப் பல ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. கே. டானியல் 1972 இல் வெளிவந்த தமது 'பஞ்சமர்' நாவலில் அந்தக் காலத்து வாழ்வைப் பதிந்துவைத்திருக்கின்றார். 1970களிற் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தமையும், 1978 இற் பனை அபிவிருத்திச் சபை அமைந்தமையும் தொழிலுக்கு ஓரளவு ஆதரவாயின. அவர்களுடைய பிள்ளைகள் பலர் படித்து வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். இன்று மரமேற ஆளில்லை என்று முறையிடுகின்றோம். ஏறியவரை நாம் எங்கே இருத்தினோம் என்பதை அம்முறைப்பாட்டோடு சேர்த்து நினைப்பவர் சிலரே.

சட்டத்தின் கை பாடசாலைக்குள் போகும். தேநீர்க் கடைக்குள் போகும். ஒரு வீட்டு முற்றத்துக்குள் போகாது. அங்கே விரிக்கும் பாயை எவருக்கு விரிப்பது என்று தீர்மானிப்பவர் வீட்டாரே. அதனாலேதான் வாசகியின் பின்குறிப்பு எமக்குப் பெரிதாகப் பட்டது. அவர் வீட்டில் இரண்டு அபிப்பிராயம் இருக்கின்றதாம். எம் பாட்டனார் காலத்தில் ஓர் அபிப்பிராயமே இருந்தது. இரண்டாவது ஒன்று எழுந்திருப்பதையே நாம் நன்மையின் அறிகுறியாகக் கொள்கின்றோம்.

"கொடுத்தனுப்பினால் என்ன, அவருக்கும் கூழ் கிடைக்கின்றதுதானே" என்று சிலர் கேட்கலாம். கிடைப்பது கூழ் மட்டுமே. ஊருணவின் இன்பத்திற் பாதி வாயில் இருக்கின்றது. மற்றைப் பாதி பக்கத்தில் இருப்பவரின் முகத்தில் இருக்கின்றது. பானையைச் சுற்றிய சிரிப்பையும் கதையையும் தூக்குச்சட்டியில் ஊற்றி அனுப்ப முடியாது. "அவரே கூச்சப்பட்டு இருக்கமாட்டார்" என்று வேறு சிலர் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஒரு வாழ்நாள் முழுவதும் வேலியோரத்திற் குந்தியவரை ஒரே மாலையிற் பாயில் இருத்த ஒரு சொல் போதாது. வீட்டுப் பெரியவர் முதல்நாளே அவர் வீட்டுக்கு நேரிற் சென்று, உறவினரை அழைப்பதுபோல அவரையும் அவர் மனைவி மக்களையும் அழைக்கவேண்டும். வந்தவரை வாயிலிற் காக்கவைக்காது, பிள்ளைகளுக்கு நடுவில் இருத்தவேண்டும். பனையேறிய கதையை அவர் வாயாற் சொல்லக் கேட்கவேண்டும். அந்த முற்றத்திற் பனையைப் பற்றி அவரிலும் கூடுதலாக அறிந்தவர் வேறு எவர் இருக்கப்போகின்றார்?

மாணவ வாசகர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டில் இத்தகைய மாலை வருமாயின், பிளாக் கோலக் கற்றுக்கொள்ளுங்கள். முட்டியில் எதற்காகச் சுண்ணாம்பு பூசுகின்றார் என்று அவரிடமே கேளுங்கள். கேட்கும்போது பெயர் சொல்லி அழையாமல் "அப்பு" என்று அழையுங்கள். எமது நாவுக்கு அந்தச் சொல் வர நாற்பது ஆண்டு சென்றது. அதற்குள் அவர் மறைந்துவிட்டார்.

வாசகிக்கு நாம் முடிவாகக் கூறுவது இது. கள்ளைப் பற்றி உங்கள் மாமியாரின் சொல்லுக்கு இடங்கொடுங்கள்; கருப்பநீருக்கு முதல்நாளே சொல்லிவையுங்கள்; ஒடியல்மாவைப் பொறுமையாக ஊறவையுங்கள். முற்றத்தில் எல்லோருக்கும் போதிய பாய்களை விரியுங்கள். கூழை அடுப்பிலிருந்து இறக்கியதும், அது ஆறுமுன் அந்த முதியவர் வந்து அமர்ந்துவிட்டாரா என்று பார்த்து, முதல் அகப்பையை அவருடைய பிளாவில் வாருங்கள்.